எங்கட ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னுடைய பொலிஸ் நற்சான்றிதழ் வந்த அன்று கீழ்வீட்டு ஃபாரூக் நானா படிக்கட்டில் என்னை மறித்தார். கையிலிருந்த கடித உறையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "மாஸ்டர், மகன் எங்க போறாரு? கனடாவா?" என்று கேட்டார். வெள்ளவத்தையில் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கிறவன் விமானம் ஏறப்போகிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. "இல்லை நானா, ஞாயிற்றுக்கிழமையில கம்பியூட்டருக்கு முன்னால பிள்ளையளோட சும்மா இருக்கப் போறார்" என்றேன். "சும்மா இருக்கவா பொலிஸ் ரிப்போர்ட்?" என்று சிரித்தவர், பிறகுதான் உறைகள் இரண்டு இருப்பதைக் கவனித்தார். மற்றது எனக்கு என்று சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் நான் எந்த நாட்டுக்குத் தப்பி ஓடப் பார்க்கிறேன் என்ற யோசனையோடு அவர் கீழே இறங்கிப் போனார். இன்றைக்கும் அவர் நான் சொன்னதை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீ மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் இருந்தபோது நேருக்கு நேர் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். முப்பத்தாறு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று கத்திப் பழகிய வாய்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஆறு வருடமாக அது திறக்கவில்லை. எழுத முன்னர், என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைக் காட்டலாமா என்று தொலைபேசியில் உன்னைக் கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தாளின்ர பெயரும் என்ர பெயரும் வேண்டாம். மற்றதெல்லாம் எழுதுங்கோ அப்பா. மியூட் கதையையும் எழுதுங்கோ" என்றாய். கடைசி வசனத்தை நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்கு அப்போதுதான் பாதிப் பாரம் இறங்கியது.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் உனக்குப் பதினான்கு வயது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, எட்டிப் பார்த்தால் கடல் ஒரு கீற்றாகத் தெரிகிற பால்கனி. கீழே தண்டவாளத்தில் கோச்சி கூட ஓடவில்லை. நீ மெல்ல மெல்லக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டு வந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாய், தட்டைக் கழுவி வைப்பாய், அறைக்குள் போய்விடுவாய். அம்மா கவலைப்பட்டாள். நான் கவலைப்படவில்லை. சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை என்று எண்ணிப் பழகியவன் நான். ஒரு வகுப்பில் முப்பது பேரை வைத்துக் கணிதம் படிப்பிக்கிறவனுக்கு வேறு எண்ணம் எங்கிருந்து வரும்?

அப்போதுதான் ரூத் தொலைபேசியில் வந்தார். அம்மாவோடு ஒரே அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றவர், கொட்டாஞ்சேனையில் தனியாக இருப்பவர், குவேக்கர். கிறிஸ்தவர்களில் இப்படியும் ஒரு பிரிவினர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பாதிரியார் இல்லை, பிரசங்கம் இல்லை, பாட்டும் இல்லை. ஒன்றாக உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது உள்ளுக்குள் இருந்து ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றினால் சொல்லலாம், சின்னப் பிள்ளையானாலும் சரி. மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள், பதிலும் சொல்ல மாட்டார்கள். கேட்டுவிட்டு மறுபடியும் மௌனம். கூடல் என்று இதைப் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் நடத்துகிறோம், மௌனம் கொஞ்சம், கதையும் படம் வரைவதும் கொஞ்சம், மகனையும் அனுப்புங்கள் என்றார். நாங்கள் கோயிலுக்குப் போகிற ஆட்கள் என்று அம்மா தயங்கினாள். "மதம் மாத்துறதுக்கு இல்ல. சும்மா இருக்கத்தான்" என்றார் ரூத். நான் அறைக்குள்ளிருந்து சிரித்தேன். பிள்ளைகளின் வாயை மூட வைக்க நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், இவர்கள் கத்தாமலே மூட வைக்கிறார்களாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சிரிப்பு நின்றது அவர்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்த பிறகுதான். நான்கு பக்கம். பிள்ளைகள் இருக்கும்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். இரண்டாவது ஆள் வரும்வரை கூடல் திறக்காது. பிள்ளை வீட்டின் பொது இடத்தில், கதவு திறந்திருக்க உட்கார வேண்டும். பெற்றோரில் ஒருவர் காதெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரியவர் எவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக எழுதவோ பேசவோ கூடாது. பெரியவர்கள் எல்லோரும் பொலிஸ் சான்றிதழ் தர வேண்டும். படித்துக்கொண்டு போகப் போக எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. ரூத்துக்குத் தொலைபேசி எடுத்து, "நான் முப்பது வருஷமா தனிய நிண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். அப்ப நானும் கள்ளனோ?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மாஸ்டர் என்றும் கூப்பிடவில்லை. அவர்களுடைய வழக்கப்படி வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இது யாரையும் சந்தேகப்பட்டுப் போட்டது இல்ல. எனக்கும் இதே விதிதான்" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது விதியை விட எனக்கு அதிகமாகச் சுட்டது. கையெழுத்துப் போட்டேன், ஆனால் மனத்துக்குள் போடவில்லை.

ஆனாலும் நீ அதில் சேர்ந்து இரண்டு மாதத்தில் கொஞ்சம் கதைக்கத் தொடங்கினாய். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீ சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் மடிக்கணினியோடு இருப்பாய். மறுபக்கத்தில் நான் விடைத்தாள் திருத்துவேன். காதெட்டும் தூரம்தானே. ஒருநாள் ரூத்தோடு இருக்க வேண்டிய மற்றப் பெண்மணியின் பக்கத்தில் கரண்ட் போய்விட்டது. இரண்டாவது பெரியவர் இல்லை என்று கூடலையே நிறுத்திவிட்டார்கள். "ஆறு பிள்ளையள் வாசல்ல காத்துக்கொண்டு நிக்குதுகள், இவவுக்கு ஒரு ஆளா இருக்கப் பயமாம்" என்று நான் அன்று முழுக்கப் பகடி பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. உனக்கு அந்த விதி பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாதத்தில் ஒருநாள் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் தனியாக ஒரு கூடல் இருக்கும். அதில்தான் அந்த ஆள் வந்தார். வெளிநாட்டில் இருக்கிற தமிழர். பிள்ளைகளின் கூடலில் உதவி செய்ய விரும்புகிறார், ஆனால் அவருடைய சான்றிதழ்கள் இன்னும் வரவில்லை, வரும்வரை பெரியவர்களின் கூடலுக்கு மட்டும் வருவார் என்று ரூத் எல்லோருக்கும் தெளிவாகச் சொன்னார். அது என் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. கூடல் முடிந்து எல்லோரும் சுகம் விசாரித்துக்கொண்டிருந்த நேரம் நான் எங்கள் சனத்தின் முதல் கேள்வியைக் கேட்டேன். "நீங்கள் எவடம்?" அவர் சொன்ன ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். பிறகு எந்தப் பள்ளிக்கூடம், ஆரின்ர பேரன், எந்தக் கோயிலடி என்று போய், அரை மணி நேரத்தில் அவர் எனக்கு மச்சான் முறையாகிவிட்டார். உனக்கு மாமா. நான் உன்னைக் கூப்பிட்டு முகம் காட்டி, "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றேன். குவேக்கர்கள் சின்னவர் பெரியவர் பாராமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் நான் ஒரு மாமாவை உண்டாக்கி உன் தலையில் வைத்தேன்.

அடுத்த கிழமை அவர் என்னோடு தொலைபேசியில் கதைத்தார். "மருமகன் கெட்டிக்காரன் எண்டு விளங்குது. இங்கிலீசில கதைச்சுப் பழகவும் ஒரு ஆள் வேணும்தானே? நான் கிழமைக்கு ஒருக்கா நேரம் ஒதுக்கிறன்" என்றார். உன்னுடைய தொலைபேசி இலக்கத்தை நானே கொடுத்தேன். படிவத்தில் இருந்தது எனக்கு மறந்துபோகவில்லை தம்பி. அது பிறத்தியாருக்கு என்று நினைத்தேன். இவர் எங்கட ஆள். ரூத்திடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிசி விதி பேசி என் மச்சானை அவமானப்படுத்திவிடும் என்று எண்ணினேன். அவர்கள் கவனமாகப் பூட்டி வைத்திருந்த முன்கதவால் வர முடியாத ஒருவரை நான் பின்கதவால் கூட்டிவந்து கதிரை போட்டு இருத்தினேன். ஊரும் உறவும் தெரிந்துவிட்டால் ஆளையே தெரிந்துவிட்டது என்று நினைக்கிற இந்தப் பிழை எங்கள் சனத்துக்கென்றே அளந்து தைத்தது.

புதன்கிழமை பின்னேரங்களில் நான் ஹோலில் இணைய வகுப்பு எடுப்பேன், அம்மா தன் அறையில் அலுவலக வேலையில் இருப்பாள், நீ உன் அறையில் வீடியோ அழைப்பில் அவரோடு இருப்பாய். இங்கிலீசு இரண்டு கிழமைதான் நடந்தது. பிறகு, மௌனம் பழகுவோம், மற்றப் பிள்ளைகளுக்கு அது விளங்காது, உனக்குத்தான் விளங்கும், நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் எழுதவில்லை. கமராவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நீயும் இருக்க வேண்டும். போய் முறையிட ஒரு வார்த்தை கூட உன் கையில் கிடைக்காதபடி அவர் கவனமாக இருந்தார்.

நீ என்னிடம் சொன்னாய். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அப்பா, புதன்கிழமையை விட்டா என்ன?" என்றாய். ஏன் என்று கேட்டேன். "ஒண்டும் கதைக்கிறேல்லை. என்னையே பாத்துக்கொண்டு இருக்கிறார்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அதுதானே அவையின்ர முறை. வேலைவெட்டி உள்ள மனிசன் உனக்காக நேரம் ஒதுக்கிறது லேசோ? மாமாவோட மரியாதையா நட" என்றேன். நீ தலையாட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாய். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டாம் தரம் கறி போட்டுச் சாப்பிட்டேன்.

அதற்கு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஆறு பிள்ளைகள், ரூத், மற்றப் பெண்மணி. மௌனம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். நான் சிவப்புப் பேனாவோடு திரிகோணகணிதத்தில் மூழ்கியிருந்தேன். நீ உன் ஒலிவாங்கியைத் திறந்தது எனக்குத் தெரியவில்லை. குரல்தான் கேட்டது. "எனக்கு ஒண்டு சொல்ல வேணும். எங்கட மாமா ஒராள் புதன்கிழமையில என்னோட தனிய மௌனம் இருக்கிறவர். எனக்குப் பிடிக்கேல்லை. போன கிழமை அவர்..." எங்கட மாமா என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால், ஒரு பிறத்தி மனிசிக்கு முன்னால், என் பிள்ளை எங்கள் உறவை இழுத்து வெளியே போடுகிறான். எட்டிக் கையை நீட்டி மியூட் பொத்தானை அமத்தினேன். "வாயை மூடிக்கொண்டு இரு. வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்லுறியோ?" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அழவில்லை. திரையில் ஒருவரும் அசையவில்லை. என் கை கணினியின் மேலேயே இருந்தது. அப்போது திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. கூட்டத்தை நடத்துகிறவர் நீங்கள் பேச வேண்டும் என்று கேட்கிறார் என்று இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள், பேசலாம் அல்லது மௌனமாகவே இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு ரூத் ஒரு சத்தமும் போடாமல் அதை அனுப்பியிருந்தார். நான் கையை எடுக்கவில்லை. நீ என் கையைத் தள்ளினாய். பிறந்ததிலிருந்து என் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத பிள்ளை, என் மணிக்கட்டில் பிடித்து என் கையை அப்பால் தள்ளிவிட்டு அந்தப் பொத்தானை அமத்தினாய். "போன கிழமை அவர் அறைக் கதவைப் பூட்டிப்போட்டு வந்து இருக்கச் சொன்னவர். நான் பூட்டேல்லை. பூட்டிட்டன் எண்டு பொய் சொன்னனான். இந்தக் கிழமையும் கேப்பார்" என்றாய்.

அவர்களுடைய வழக்கப்படி யாரும் பதில் சொல்லக் கூடாது. ரூத் அந்த வழக்கத்தை உடைத்தார். "நான் கேட்டேன் தம்பி. உன்னை நம்புறேன்" என்றார். இரண்டே வசனம். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் பக்கத்துக் கதிரையில் சிவப்புப் பேனாவோடு இருந்தான். அந்த நேரம் எனக்குக் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கதவைப் பூட்டுவது என்ற சொல் என் மண்டைக்குள் இறங்க இன்னும் ஒரு நிமிடம் எடுத்தது. இறங்கியதும் பேனாவை மூடி வைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் ரூத் தொலைபேசியில் வந்தார். அப்போதும் தனியாக வரவில்லை, மற்றப் பெண்மணியையும் சேர்த்துக்கொண்டு வந்தார். என்னை ஏசவில்லை. மகனுக்குப் பக்கத்தில் அம்மாவும் இருக்கிறாரா என்று கேட்டார். அந்த ஆளின் இலக்கத்தில் இருந்து வந்த அழைப்புகளையும் செய்திகளையும் அழிக்க வேண்டாம் என்றார். "அவன்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்காதீங்க. அவன் சொன்னது போதும்" என்றார். அம்மா தன் அறையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மியூட் பண்ணினது ஆர்?" நான்தான் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பதினொரு நாள் ஒரு மௌனம் நடந்தது, அதற்கும் குவேக்கர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் பொலிசுக்கும் போனோம். ஊரடங்கு தளர்ந்த நேரம், எல்லோருக்கும் முகக்கவசம். சிங்களத்தில் எப்படி இதைச் சொல்வது என்று நான் வழியெல்லாம் வசனம் அமைத்துக்கொண்டு போனேன், அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. நீதான் சொன்னாய். அங்கே முறைப்பாடு எடுத்த நோனா எழுதுவதை நிறுத்திவிட்டு, "பய வென்ன எப்பா, புத்தா" என்று உன்னிடம் சொன்னார். பயப்படாதே மகனே என்று ஒரு அந்நியப் பெண் சொன்னதை நான் என் மொழியில் உனக்குச் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ரூத் அந்த ஆள் இருந்த நாட்டின் குவேக்கர்களுக்கும் அறிவித்தார், அவர்கள் அங்குள்ள பொலிசுக்கு அறிவித்தார்கள். அவருடைய சான்றிதழ்கள் கடைசிவரை வரவேயில்லை. ஊரில் விசாரித்துப் பார்த்தேன். அவர் சொன்ன கோயிலடியில் அப்படி ஒரு குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, மச்சானாகவே இருந்திருந்தாலும் கதவு திறந்துதான் இருந்திருக்க வேண்டும். இது எனக்கு விளங்கப் பல மாதம் ஆனது.

தம்பி, நீ அந்தக் கதவைப் பூட்டவில்லை. ஆறு வருடமாக நான் அதை எண்ணி மூச்சு விடுகிறேன். வகுப்பில் நிற்கும்போது, பஸ்ஸில் தெஹிவளைக்குப் போகும்போது, காரணமில்லாமல் அது நினைவுக்கு வரும். பூட்டவில்லை, பொய் சொன்னான், என் பிள்ளை கெட்டிக்காரன் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். பொய் சொன்னதற்காக நான் பெருமைப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஆனால் நீ கெட்டிக்காரனாக இருந்திருக்கத் தேவையே இல்லை. பதினான்கு வயதில் நீ செய்த காவல் வேலை என்னுடையது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் நீ சொன்னபோது நான் கேட்கவில்லை. கூடலில் சொன்னபோது உன் குரலை அமத்தினேன். தகப்பனின் கையைத் தள்ளிவிட்டுத்தான் நீ தப்ப வேண்டியிருந்தது. என்னை மன்னித்துக்கொள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாகச் சுற்றி வந்தேன்.

நீ கவனித்திருப்பாய், ஆனால் காரணம் கேட்டதில்லை. வகுப்புகள் மறுபடி நேரில் தொடங்கியபோது நான் ரியூஷன் அறைக் கதவில் பெரிய கண்ணாடி போடுவித்தேன். தனி வகுப்பு எடுப்பதை நிறுத்தினேன். கடைசிப் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வரும்வரை இருவரும் வெளிவாசலில்தான் நிற்போம். பெற்றோருக்கு இது விசித்திரமாக இருந்தது. ஹெவ்லொக் டவுனில் இருந்து வருகிற ஒரு தகப்பன், தன் மகளுக்கு மட்டும் தனியாக ஒரு மணித்தியாலம் தரும்படி கேட்டார். நான் மாட்டேன் என்றதும், "என்ன மாஸ்டர், நீங்கள் எங்கட ஆள்தானே, உங்களுக்கு ஏன் இதெல்லாம்?" என்றார். என் சொந்தக் குரலை வேறொருவர் வாயில் கேட்டது போல் இருந்தது. "எங்கட ஆள் எண்டு நீங்கள் சொல்லுறியள் பாருங்கோ, அதாலதான்" என்றேன். அவர் மகளை வேறு மாஸ்டரிடம் மாற்றிவிட்டார். போகட்டும். நீயும் இனிமேல் பிள்ளைகளோடு இருக்கப் போகிறவன். இப்படியான முகங்கள் உன் முன்னாலும் வரும். விதியைக் காட்டினால் நல்ல மனிதர்கள்தான் முதலில் கோபப்படுவார்கள், உன் அப்பா கோபப்பட்டது போல. அவர்களிடம் பொறுமையாக இரு, ஆனால் விட்டுக்கொடுக்காதே.

நீ அந்தக் கூடலை விட்டுவிடுவாய் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒரு மாதம் கழித்து நீயே கணினியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாய். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அங்கதானே கேட்டவை" என்றாய். பதினெட்டு வரை போனாய். இப்போது தமிழ்ப் பிள்ளைகளின் கூடலைப் பெரியவனாக நின்று நடத்த உன்னைக் கேட்டிருக்கிறார்கள். மட்டக்களப்புக்குப் போக முன்னர் ஒரு பின்னேரம், பெட்டிக்குள் சட்டை அடுக்கிக்கொண்டே, "அப்பா, இன்னும் ஒரு ஆள் வேணும். நீங்கள் வாறீங்களோ?" என்று கேட்டாய். நானோ என்றேன். "ஓம். நீங்கள்தான்" என்றாய். நான் பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். காற்று வாங்கப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய்.

அந்த நாலு பக்கப் படிவம் இப்போது ஆறு பக்கமாகிவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துக் கையெழுத்துப் போட்டேன், மனத்துக்குள்ளும் போட்டேன். ரூத்தும் இன்னொருவரும் என்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். மியூட் கதையை நானே சொன்னேன். "எனக்குத் தெரியும். அன்னைக்கு உங்க கை ஸ்கிரீன்ல வந்ததைப் பார்த்தேனே" என்றார் ரூத். பிறகு இன்னொரு விதியைச் சொன்னார். ஒரே குடும்பத்து ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவராகத்தான் கணக்கு. ஆகவே நீயும் நானும் சேர்ந்து ஒரு ஆள், இரண்டாவது ஆளாக ரூத் இருந்தே ஆக வேண்டும். முந்தைய நான் என்றால், தகப்பனையும் மகனையும் சந்தேகப்படுகிறார்களா என்று துள்ளியிருப்பேன். இப்போது எனக்கு வந்தது பெரிய நிம்மதி. ஒருவேளை நான் மறுபடி மடத்தனமாக ஏதாவது செய்தால், உன் கண்ணைக் கட்டிவிடுகிற பாசம் இல்லாத ஒருவர் அங்கே பார்த்துக்கொண்டு இருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் கூடல். நீ மட்டக்களப்பில், ரூத் கொட்டாஞ்சேனையில், நான் அதே சாப்பாட்டு மேசையில். ஒரு விடைத்தாளும் மேசையில் இல்லை. பிள்ளைகளை உள்ளே விட முன்னர் நீ சாதாரணமாக, "அப்பா, உங்களையும் கோ-ஹோஸ்ட் ஆக்கியிருக்கிறன். தேவையெண்டா நீங்களும் ஆக்களை மியூட் பண்ணலாம்" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், பகடி இருக்கிறதா என்று. இல்லை. எந்தப் பொத்தானால் நான் உன்னை அமத்தினேனோ அந்தப் பொத்தானை, ஏழு பிள்ளைகளுக்குமாக, நீயே என் கையில் தந்தாய். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதற்கு மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பாதி நேரத்தில் ஒரு சின்னப் பெண், பத்துப் பதினொரு வயது இருக்கும், ஒலிவாங்கியைத் திறந்தாள். "எனக்கு மேத்ஸ் ரியூஷன் பிடிக்காது. மாஸ்டர் எந்த நேரமும் கத்துறார்" என்றாள். என்னிடம் படிக்கிற பிள்ளை இல்லை, நல்ல காலம். பின்னால் யாரோ, அவளுடைய தாயாக இருக்க வேண்டும், எட்டிக் கையை நீட்டுவது தெரிந்தது, பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரூத் சொல்லவில்லை. நீ சொல்லவில்லை. முப்பத்தாறு வருடமாகக் கத்துகிற மாஸ்டரும் சொல்லவில்லை. அவள் கதிரையில் சாய்ந்து, கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, வசதியாக இருந்தாள். அப்படி ஒரு பிள்ளை தன் பாட்டில் ஆறுதலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான் என்று எனக்கு விளங்கியது.

முடிவில், நேரில் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்குவார்களாம். திரையில் அது முடியாது, அதனால் எல்லோரும் உள்ளங்கையைக் கமராவுக்குக் காட்டினார்கள். எனக்கு இரண்டு கையும் விறைத்துப்போயிருந்தன, எடுத்து உதறிவிட்டுத்தான் காட்டினேன். அப்போது உன்னுடைய பெட்டி முழுக்க உன் கை மட்டும்தான் தெரிந்தது. நன்றாகப் பெருத்துவிட்டது தம்பி, என்னுடையதை விடப் பெரிது. அன்று என் கையைத் தள்ளிய கை அது. அது இருந்தபடியால்தான் இன்றைக்கு நாங்கள் எல்லோரும் இப்படி ஒன்றாக இருக்கிறோம்.

நன்றியோடு,
அப்பா